பிரான்ஸ் கிராமத்தில் ஆளில்லாத சாலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாரிஸ் புறநகரில் இருக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: போன வருஷம் ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள்) வாங்கினேன், உர்க் கால்வாய்க் கரையிலும் மார்ன் ஆற்றங்கரையிலும் ஓட்டி ஓட்டிச் சலித்துவிட்டது. ஜூனில் ஒரு வாரம் லீவு. லாரி, கார் தொல்லை இல்லாத கிராமத்துப் பக்கம் நாளைக்கு 60, 70 கி.மீ. ஓட்ட வேண்டும். எந்தச் சைக்கிள் பாதை நல்லது?

தம்பி, சைக்கிள் பாதையைத் தேடுவதை முதலில் விடுங்கள். லுவார் ஆற்றை ஒட்டி 900 கி.மீ. பாதை இருக்கிறது. பர்கண்டியில் பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே 1997இல் ஒரு பாதை திறந்தார்கள். எல்லாம் அருமையான பாதைகள்தான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். தாத்தா பாதையின் இந்தப் பக்கம் நடப்பார், அவருடைய நாய் அந்தப் பக்கம் நடக்கும், இரண்டுக்கும் நடுவே கழுத்துக் கயிறு குறுக்கே கிடக்கும். குறுக்குச் சாலை வரும் இடமெல்லாம் கட்டைத் தடுப்பு வேறு. ரோடு பைக்கில் போகிறவருக்கு வேண்டியது வேறொன்று. காருக்காகப் போட்ட தார்ச்சாலையாக இருக்க வேண்டும், ஆனால் அதில் கார் வரக்கூடாது. பிரான்ஸில் அப்படிப்பட்டது கொட்டிக் கிடக்கிறது.

ஏன் கொட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால், எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இந்த நாட்டில் 10 லட்சம் கி.மீ.க்கு மேல் சாலை இருக்கிறது. அதில் ஆட்டோரூட், அதாவது சைக்கிள் ஏறக்கூடாத அதிவேக நெடுஞ்சாலை, சுமார் 12,000 கி.மீ.தான். மாவட்டச் சாலைகள், அதாவது 'டி' எண் போட்டவை, 3.8 லட்சம் கி.மீ. பக்கம். ஊராட்சிச் சாலைகள் இன்னுமொரு 7 லட்சம். 1836இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வோர் ஊரும் தன் பாதைகளைத் தானே செப்பனிட்டு வைத்திருக்க வேண்டும்; கையில் காசு போதாவிட்டால் உடம்பில் வலுவுள்ள ஆண்கள் வருஷத்துக்கு மூன்று நாள் வரை வந்து வேலை செய்ய வேண்டும், வண்டி மாடு இருந்தால் அதையும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இந்தச் சின்னச் சாலை வலையில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் பின்னியது.

அப்போது கிராமத்தில் ஜனம் இருந்தது. க்ரேஸ் மாவட்டத்தில் 1851இல் 2.8 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், இப்போது 1.15 லட்சம் இருந்தால் அதிகம். லொசேர் மாவட்டத்தில் 1.4 லட்சத்துக்கு மேல் இருந்தது. இன்றைக்கு 77,000 பேர்தான், சதுர கிலோமீட்டருக்கு 15 பேர். ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், சாலையை யாரும் சுருட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. வடகிழக்கே மஸ் ஆற்றுப் பக்கம் தொடங்கித் தென்மேற்கே லாந்து காடு வரைக்கும் சாய்வாக ஒரு பட்டை இழுத்தால், ஜனம் குறைந்த பிரதேசம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'வெற்று மூலைவிட்டம்' என்றே சொல்வார்கள். அந்தப் பட்டையில் இருப்பவர்களுக்கு அந்தப் பேர் பிடிக்காது, அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, அந்தப் பட்டைக்குள் போய் 'டி' என்று போட்டிருக்கும் சாலையில் ஏறிவிட்டால் போதுமா? போதாது. நான் பட்டது இங்கேதான். முன்பு தேசிய நெடுஞ்சாலையாக 'என்' எண்ணோடு இருந்தவற்றில் சுமார் 18,000 கி.மீ. தூரத்தை 2006 வாக்கில் அரசாங்கம் மாவட்டங்களின் தலையில் கட்டிவிட்டது. சாலை அதே சாலை, லாரி அதே லாரி, பலகையில் மட்டும் 'டி'. மாவட்டங்கள் பெரும்பாலும் 600, 800, 900, 2000 என்று பெரிய எண்ணாகக் கொடுத்தன. பழைய 'என்' 20, லோ மாவட்டத்தில் டி 820, லுவாரே மாவட்டத்தில் டி 2020. ஆகவே மூன்றிலக்க, நான்கிலக்க எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். டி 43, டி 52 என்று இருந்தால் ஓரளவு நிம்மதி.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விலக்கு அது. பழைய நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ஆட்டோரூட் வந்துவிட்டது என்று வையுங்கள். அந்த ஆட்டோரூட்டில் சுங்கம் வாங்கினால், காசை மிச்சம் பிடிக்க லாரிக்காரரும் உள்ளூர்க்காரரும் பழைய சாலையிலேயே போவார்கள், நமக்கு நரகம். சுங்கம் இல்லாவிட்டால் எல்லாரும் ஆட்டோரூட்டுக்குப் போய்விடுவார்கள். அகலமான, ஏற்றம் அளவாக உள்ள பழைய சாலை முழுக்க நமக்கு. கிளெர்மோன் ஃபெராந்திலிருந்து தெற்கே பெஸியே வரை போகும் ஏ 75 அப்படிப்பட்டது. மில்லோ ஊர்ப் பக்கம் பள்ளத்தாக்குக்கு மேலே உயரத்தில் போகும் பாலத்தில் மட்டும்தான் சுங்கம், மற்றபடி இலவசம். அதன் பக்கத்திலேயே பழைய 'என்' 9 ஓடுகிறது. காந்தால் மாவட்டத்தில் அதற்கு டி 909 என்று பேர், லொசேரிலும் அவெய்ரோனிலும் டி 809. ஒரு காலத்தில் ஆகஸ்ட் விடுமுறைக் கூட்டம் மொத்தமும் அந்தச் சாலை வழியாகத்தான் மத்தியதரைக் கடலுக்கு இறங்கியது. மில்லோ ஊருக்குள் கார்கள் மணிக்கணக்கில் நின்றன. 2004 டிசம்பரில் பாலம் திறந்ததும் எல்லாம் மேலே போய்விட்டது. இப்போது ஊர்களைத் தாண்டிவிட்டால் நீண்ட நேரத்துக்கு ஈ காக்கை கிடையாது.

இதையெல்லாம் காகித வரைபடத்தில் பார்ப்பது சுலபம். போன் ஆப் உங்களை வழிநடத்தும், ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது என்று காட்டாது. மிஷெலின் வரைபடம் ஒன்று வாங்குங்கள், 1:1,50,000 அல்லது 1:2,00,000 அளவில். சிவப்புக் கோடு நெடுஞ்சாலை, அது வேண்டாம். மஞ்சள் கோடு நடுத்தரம், ஆளரவம் குறைந்த பகுதியில் பரவாயில்லை. வெள்ளைக் கோடுதான் நம்முடையது. கோட்டின் மேல் சின்ன அம்புக்குறி போட்டிருக்கும். ஓர் அம்பு என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு அம்பு 9 முதல் 13 வரை, மூன்று அம்பு அதற்கு மேல். அம்பு நோக்கும் பக்கம் ஏற்றம். சாலையை ஒட்டிப் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகான சாலை என்று அர்த்தம். புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கேரவன் இழுத்துக்கொண்டு வருகிறவரும் அதே வரைபடத்தைத்தான் வாங்கியிருக்கிறார் என்பதை மறந்துவிடுவார்கள். தார்ன் பள்ளத்தாக்கில் போகும் டி 907 பிஸ் அதற்கு நல்ல உதாரணம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே குறுகலான சாலை. மே மாதக் காலையில் சொர்க்கம். ஆகஸ்டில் ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டு, கேரவன்களின் வரிசைக்கு நடுவே டீசல் புகையைக் குடித்துக்கொண்டே 12 கி.மீ. ஓட்டினேன்.

உங்கள் ஒரு வாரத்துக்கு நான் சொல்லும் வழி இது. பாரிஸ் பெர்ஸி நிலையத்திலிருந்து கிளெர்மோன் ஃபெராந்துக்கு நேர் ரயில், மூன்றரை மணி நேரம். சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து சென் ஃப்ளூருக்கு உள்ளூர் ரயில். ரயில் குறைவு, அட்டவணையில் பஸ் படம் போட்டிருந்தால் கவனம், ரயிலுக்குப் பதில் விடும் பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

சென் ஃப்ளூரிலிருந்து டி 909இல் தெற்கே இறங்கினால் கராபி ரயில் பாலம். 1884இல் ஐஃபெல் நிறுவனம் கட்டி முடித்தது, பாரிஸ் கோபுரத்துக்கு ஐந்து வருஷம் மூத்தது. கார்கள் எல்லாம் ஏ 75இல் பறந்துகொண்டிருக்கும்போது நீங்கள் அந்தச் சிவப்பு வளைவுக்குப் பக்கத்திலேயே ஆற்றைக் கடப்பீர்கள். அப்புறம் டி 809இல் சென் ஷெலி தாப்ஷே, ஓமோன் ஓப்ராக். அங்கே மேற்கே திரும்பி நஸ்பினால்ஸ் போய்ச் சேர்ந்தால் முதல் நாள் முடிந்தது. மொத்தம் 70 கி.மீ.யை ஒட்டி வரும்.

இரண்டாம் நாள்தான் விஷயம். நஸ்பினால்ஸிலிருந்து டி 52, ஏரிகள் வழியாகப் போன்கோம்ப் கணவாய்க்கு (1,340 மீ.) ஏறும் சாலை. ஒரு காரும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தால் இருவரும் ஒதுங்க வேண்டிய அகலம். மரமே கிடையாது. புல்வெளி, அதில் யானை படுத்தது போல் கருங்கல் பாறைகள், கல் அடுக்கிய சுவர்கள், தூரத்தில் பழைய சீஸ் குடிசை ஒன்றிரண்டு. சாலையோரத்தில் ஆளுயரத்துக்கும் மேலே குச்சி நட்டிருப்பார்கள். ஜூனில் போகிறவருக்கு அது எதற்கென்று புரியாது. பனி மூடும்போது சாலை எங்கே என்று தெரிவதற்காக. மே கடைசி, ஜூன் தொடக்கம் என்றால் புல்லில் வெள்ளை நார்சிஸ் பூ பூத்துக் கிடக்கும். கிராஸ் ஊர் வாசனைத் திரவியக்காரர்களுக்காக அதைச் சீப்புப் போன்ற கருவியால் வாரி எடுப்பார்கள். ஓப்ராக் மாடுகள் தேன் நிறத்தில் இருக்கும், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் கறுப்பு வளையம். போன முறை நான் கணவாய்க்குக் கீழே நின்று வாழைப்பழம் உரித்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது மாடுகள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தன. அன்று காலை அந்தச் சாலையில் நான் எண்ணிய கார் நான்கு. அதில் ஒன்று தபால்காரருடையது.

எதிர்க்காற்று மட்டும் இரக்கமில்லாதது. 1,200 மீட்டரில் மறைப்பு இல்லாத மேடு அது. காற்று மோசமென்றால் நஸ்பினால்ஸிலேயே ஒரு நாள் தங்கி, உருளைக்கிழங்கையும் புதிய சீஸையும் பூண்டு போட்டுக் கிண்டி நூல் நூலாக இழுக்கும் அலிகோ சாப்பிடுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு உடனே சைக்கிள் ஏறாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

கணவாயைத் தாண்டி லா கனூர்க் வரை நல்ல இறக்கம். அங்கிருந்து சோவ்தேர் சுண்ணாம்புக்கல் மேட்டில் ஏறி, சேந்த் ஏனிமியில் தார்ன் ஆற்றுக்கு இறங்க வேண்டும். ஆற்றோரச் சாலையில் நேரம் கழிக்காமல், பாலத்தைக் கடந்து டி 986இல் மறுபடி ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் 450 மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே மேஜான் மேடு. மங்கோலியாவின் பிரெஸ்வால்ஸ்கி குதிரைகளை 1993இல் கொண்டுவந்து அங்கேதான் விட்டார்கள்; இடத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சுண்ணாம்புக்கல் தண்ணீரை உறிஞ்சிவிடும். மேலே ஓடை, ஊற்று எதுவும் கிடையாது. கீழேயே இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மேய்ருவேயில் இறங்கி, ஜோந்த் பள்ளத்தாக்கில் டி 996ஐப் பிடித்தால் லெ ரோசியே, அப்புறம் மில்லோ. ஜோந்தில் தலைக்கு மேலே பெரிய பருந்து போல் வட்டமடிப்பவை பிணந்தின்னிக் கழுகுகள். இந்தப் பகுதியில் அழிந்தே போயிருந்தன, 1981 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். மில்லோவில் ரயில் நிலையம் இருக்கிறது.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். பகல் 12 மணி முதல் 2 மணி வரை நாடே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் கோட்டுச் சாலையைக் கடக்க வேண்டிய கட்டாயம் வந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுங்கள். கடைகளும் அப்போது மூடிவிடும், அதுதான் சிக்கல். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, திங்கட்கிழமை பல கடைகள் திறக்கவே மாட்டார்கள். ஆகவே ரொட்டியும் சீஸும் 11 மணிக்கே பையில் இருக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் முதலில் போன்ஜூர் சொல்லுங்கள், அப்புறம் எது வேண்டுமானாலும் கேளுங்கள். பாரிஸில் இதை மறந்தாலும் ஓடிவிடும், லொசேரில் ஓடாது.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்றவென்று பெரும்பாலும் வாசலுக்கு உள்ளேயே ஒரு குழாய் இருக்கும். முதல் தடவை எனக்கும் மனசு ஒப்பவில்லை. நம் ஊரில் சுடுகாட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம், இங்கே அங்கிருந்தே தண்ணீர் பிடித்துக் குடிப்பதா என்று. ஆனால் 34 டிகிரி வெயிலில், சாத்திக் கிடக்கும் கிராமத்தில், மனசு வேகமாக மாறிவிடும். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர், தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

கார் இல்லாத சாலையில் கார்தான் அபாயம் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை. வலப்பக்க முன்னுரிமை என்று ஒரு விதி இருக்கிறது: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலது கைப் பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் நின்று வழிவிட வேண்டும். நீங்கள் நேர்ச்சாலையில் போகிறீர்கள், அவர் மாட்டுத் தொழுவச் சந்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் கணக்கில்லை. ஒரு கிராமத்துக்குள் இறக்கத்தில் 45 கி.மீ. வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்திலிருந்து ஒரு பழைய வெள்ளை வேன் இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தது. பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கி, முழங்கை தேய்ந்தது. ஓட்டிய பெரியவர் இறங்கி வந்து, பொறுமையாக என் கையைத் துடைத்துவிட்டு, முன்னுரிமை அவருடையதுதான் என்று விளக்கினார். விளக்கியது சரிதான். சாலையில் மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன்மேல் கறுப்புக் கோடு அடித்திருந்தால் அந்த உரிமை அங்கே முடிகிறது. பெரும்பாலும் ஊர் எல்லையில்தான் முடியும், ஆகவே ஊர்ப் பேர்ப்பலகையைப் பார்த்ததும் கை பிரேக்கின் மேல் இருக்கட்டும்.

இரண்டாவது அபாயம் 'கிராவியோன்' என்ற பலகை. கோடையில் சின்னச் சாலைகளுக்குத் தார் தெளித்து அதன்மேல் சின்ன ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை அழுத்திச் சமமாக்கும் வேலை பாதி போகிற வருகிற கார்களுடையது. கார் வராத சாலையில் என்ன ஆகும் என்று யோசியுங்கள், வாரக்கணக்கில் ஜல்லி அப்படியே கிடக்கும். வளைவில் அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். பலகையைப் பார்த்ததும் நேர்ப்பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே உங்களை முந்துகிற கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் 1 மீட்டர். அப்படி விடுவதற்காக, எதிரே தெளிவாகத் தெரிந்தால், நடுவில் உள்ள தொடர்கோட்டைத் தாண்டவும் 2015 முதல் அனுமதி உண்டு. கிராமத்துக்காரர்கள் பெரும்பாலும் மதிக்கிறார்கள். நண்பரோடு போனால் இருவர் பக்கம் பக்கமாகப் போகலாம், பின்னால் கார் வந்தால் ஒருவர் பின் ஒருவராகிவிட வேண்டும். காதில் இயர்போன் கூடாது. பெல் கட்டாயம், மாடுகளுக்கும் அது பயன்படும். இருட்டிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். நீல நிறச் சதுரப் பலகையில் வெள்ளைக் கார் படம் இருந்தால் அது மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான சாலை, போன் ஆப் என்ன சொன்னாலும் ஏறாதீர்கள்.

லீவு ஜூனிலிருந்து தள்ளிப்போனால் செப்டம்பர் நல்லது. ஆனால் இலையுதிர் காலத்தில் காட்டுப் பகுதியில் வேட்டை தொடங்கிவிடும். சாலையோரத்தில் 'ஷாஸ் ஆன் கூர்' என்று பலகை வைத்திருந்தால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, நிற்காமல் போய்விடுங்கள்.

ஒரு வாரம் கிடைக்காமல் சனி, ஞாயிறு மட்டும்தான் என்றால் லொசேர் வரை வராதீர்கள். மோன்பர்னாஸிலிருந்து நோஜான் லெ ரோத்ருவுக்கு ரயில் ஏறி பெர்ஷ் பகுதியில் சுற்றலாம், ஏற்ற இறக்கம் குட்டிக் குட்டியாக இருக்கும். இன்னும் கொஞ்சம் மலை வேண்டுமென்றால் மொர்வான். ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் உள்ள சைக்கிள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் டயர் என்ன அளவு என்று சொல்லவில்லை. கடையில் வந்த 25 மி.மீ. டயரே இன்னும் இருந்தால், ஃபிரேமில் இடமிருக்கிறதா என்று பார்த்து 28 அல்லது 30 போட்டுக்கொள்ளுங்கள். மேஜான் மேட்டின் நடுவில் பஞ்சர் ஆனால் அடுத்த சைக்கிள் கடை மில்லோவில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு டியூப் எடுத்துவையுங்கள்.